தொய்வில்லாத செயின்

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை, சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்டீர்கள்? டாங்கி. சண்டையில் ஓடுகிற டாங்கி, பிளாஸ்டிக்கில், ஒரு முழம்கூட இருக்காது. நான் செய்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசினால் எங்கள் அப்பா செத்த கதையையும் பேச வேண்டியிருக்கும். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நம்பவில்லை என்பதுகூடச் சரியான வார்த்தை இல்லை. நம்பிக்கொண்டே சந்தேகப்பட்டேன். உங்களுக்கு அந்த மாதிரி எதுவும் இருந்ததில்லையா? இல்லையென்றால் நல்லது.

அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போதும். நீங்கள் அரக்கோணத்தில் இறங்கிவிடுவீர்கள், அதற்குள் சொல்லிவிடலாம்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா பேர் முனிரத்தினம். ராணுவத்தில் டாங்கிப் படையில் இருந்தார். எழுபத்தொன்று யுத்தத்தில், மேற்கு எல்லையில், ஒரு கரும்புத் தோட்டத்தில் இறந்தார். நான் அப்போது கைக்குழந்தை. டாங்கிக்குள் நாலு பேர் இருப்பார்கள். அப்பா குண்டு எடுத்துப் போடுகிறவர். வண்டி ஓட்டியவர் ஏகாம்பரம், அவரும் எங்கள் ஊர்தான். சாம்பலைக் கொண்டு வந்தவர் அவர். கதையைக் கொண்டு வந்தவரும் அவர். அம்மா அவரை அண்ணா என்று கூப்பிட்டாள், அதனால் எனக்கு மாமா.

கதை சின்னது. வண்டிக்கு முன்னால் முள்கம்பி கிடந்தது. சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று அப்பா இறங்கி, முன்பக்கம் போய்ப் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து விழுந்தது. அவ்வளவுதான். மாமா சொல்வதை அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். "ஒரு நொடிதான் தங்கச்சி. நோவே தெரிஞ்சிருக்காது. மொகத்துல ஒரு கீறல் கெடையாது. நான் வண்டிய நகத்தவே இல்ல. பொழுது சாயற வரைக்கும் அவன் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன்."

எனக்கு ஏன் மனப்பாடம் என்றால், வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். அப்பா தெவசம் அன்றைக்கு மாமா வந்துவிடுவார். காக்காய்க்கு வைத்த பிறகு முதல் இலை அவருக்குத்தான். அவர் உட்காருவார். அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு எதிரில் வந்து நிற்பாள். பரிமாற மாட்டாள். "சொல்லுங்கண்ணா" என்பாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடித்த பிறகுதான் சோறு விழும். வயசான பிறகு அவருக்கு ஞாபகம் தடுமாறியது. ஒரு வருஷம் ஒரு வரியை விட்டுவிட்டார். அம்மா அசையவில்லை. "கீறல் இல்லன்னு சொல்லலியே?" என்றாள். "ஆமா தங்கச்சி. மொகத்துல ஒரு கீறல் கெடையாது." பிறகுதான் சோறு விழுந்தது.

அம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு என்னவாக இருக்க முடியும்?

மாமா நல்ல மனுஷர், சார். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. என்னை சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். பட்டாளத்தை விட்டு வந்ததும் ஊரில் லாரி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். டாங்கி ஓட்டின கை, லாரி எம்மாத்திரம்? மாமா போகவில்லை. "ஓட்டனது போதும்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

ஒரு பழக்கம் உண்டு அவருக்கு. பஸ் ஸ்டாண்டில் பஸ் பின்னால் எடுப்பார்கள் இல்லையா, கண்டக்டர் பின்பக்கம் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டே "வா, வா, வா, ஓல்டான்" என்பாரே, அந்தச் சத்தம் ஆரம்பித்தால் மாமா சீட்டில் இருக்க மாட்டார். இறங்கிவிடுவார். கண்டக்டர்களுக்கெல்லாம் தெரியும். "இன்னா பட்டாளத்தாரே, பாகிஸ்தான்காரனுக்கே பயப்படல, நம்ம டவுன் பஸ்ஸுக்குப் பயந்துகினு எறங்கறியே?" என்று கேலி செய்வார்கள். மாமாவும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். யாருக்குத்தான் ஒரு கிறுக்கு இல்லை?

என் தொழிலைச் சொல்லவில்லையே. இன்சூரன்ஸ் சர்வேயர். மோதின வண்டியைப் போய்ப் பார்த்து, எப்படி மோதியது, யார் சொல்வது பொய் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. டிரைவர் வாயைப் பார்க்க மாட்டேன், டயரைத்தான் பார்ப்பேன். என் பெண்டாட்டி தமயந்தி சொல்வாள், "நீங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டு ஸ்கூட்டரைத்தான் மொதல்ல பாத்தீங்க" என்று.

பொம்மை டாங்கி செய்ய ஆரம்பித்தது முப்பது வயசுக்கு மேல். சென்னையில் ஒரு கடையில் பெட்டி பார்த்தேன், மேலே படம் போட்டிருந்தது. அப்பா இருந்த அதே மாதிரி டாங்கி. வாங்கிவிட்டேன். உடம்பை ஒட்டுவது சுலபம், சார். கஷ்டமெல்லாம் கீழே. சக்கரமும், அதைச் சுற்றி ஓடுகிற இரும்புச் செயினும்தான். சக்கரத்தைப் பல் குத்துகிற குச்சியில் செருகிக்கொள்ள வேண்டும். பிரஷ்ஷை அசைக்கவே கூடாது, குச்சியைத்தான் சுற்ற வேண்டும். அப்போதுதான் ரப்பர் விளிம்பு வட்டமாக வரும். கறுப்பு அடிக்கக் கூடாது, தேய்ந்த ரப்பர் கறுப்பாக இருக்காது, ஸ்லேட்டு நிறம். செயினுக்குக் கரும்பழுப்பு. அது காய்ந்ததும் பென்சில் முனையைத் தூளாக்கி விரலால் தேய்த்தால், தரையில் உரசுகிற இடம் மட்டும் இரும்பாகப் பளபளக்கும். பார்த்தால் நிஜம் என்பீர்கள்.

முதல் டாங்கியில் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். செயின் ரப்பரில் வரும். அதை ரப்பர் பேண்ட் மாதிரி சக்கரங்களைச் சுற்றி மாட்டிவிட்டேன். மேல்பக்கம் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நின்றது. தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் குண்டுபோடும் குழாயைப் பார்க்கவில்லை. நம்பரைப் பார்க்கவில்லை. மேல்பக்கத்துச் செயினை ஒரு விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். "இப்படித்தான்டா இருந்துச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நானும் கற்றுக்கொண்டேன். நாலு பேர் செய்ததைப் பார்த்தேன். டாங்கியை இழுக்கிற பல்சக்கரம் பின்னால் இருக்கிறது, சார். வண்டி முன்னால் ஓடி நின்றால், மேல்பக்கம் செயின் தொய்ந்து சக்கரங்கள் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அந்தத் தொய்வு இல்லாவிட்டால் அது பொம்மை. இரண்டாவது டாங்கியில் செயினை ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் அழுத்தி ஒட்டினேன். அழகாகத் தொய்ந்து இறங்கியது. ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது எங்க வண்டி இல்ல" என்றார் மாமா.

"மாமா, இதான் சரி. மொதல்ல செஞ்சதுதான் தப்பு."

"உனக்கு இன்னாடா தெரியும்? நீ பாத்தியா? இழுத்துக் கட்டு. டைட்டா இருக்கணும்."

டிரைவர், சார். அந்த டாங்கியை வருஷக்கணக்கில் ஓட்டினவர். அவருக்குத் தொய்வு தெரியாதா? தெரியும். ஓடி நின்ற டாங்கியை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். ஆனால் எங்கள் அப்பா செத்த இடத்தில் நின்ற அந்த ஒரு டாங்கி மட்டும் அவர் கண்ணில் விறைப்பாக நிற்கிறது. ஏன்? எனக்குத் தெரிந்து இரண்டே காரணம்தான். ஓடுகிறபோது பலமாகப் பிரேக் பிடித்தால் மேல்செயின் விறைக்கும். இல்லை, வண்டி பின்னால் போய் நின்றிருந்தால் விறைக்கும்.

'நான் வண்டிய நகத்தவே இல்ல.'

இப்போது புரிகிறதா, என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று? நான் போட்ட கணக்கு இது. குண்டு விழுந்திருக்கிறது. அப்பா கீழே விழுந்திருக்கிறார், உயிர் போயிருக்காது. இவர் பயந்துபோய் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கரும்புக்குள் அப்பா தனியாகக் கிடந்திருக்கிறார், எவ்வளவு நேரமோ. கூப்பிட்டிருப்பார். அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது. பிரேக் என்று வைத்துக்கொண்டால் கதை நிஜம். ரிவர்ஸ் என்றால் பொய். வாயைத் திறந்து கேட்டால் முடிந்துவிடும். கேட்கவில்லை. டாங்கி செய்துகொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சாட்சியை நாலு தடவை விசாரித்தால் ஒரு தடவை உண்மை வரும், அது என் தொழில் பழக்கம்.

"அந்த மனுஷனுக்கு வயசாவுது. எதுக்குப் போட்டு நோண்டறீங்க?" என்று தமயந்தி கேட்டாள்.

"நோண்டலியே. பொம்மைதானே காட்டறேன்."

"உங்க அப்பாவ நீங்க தேடல. டயர் தடத்தைத் தேடறீங்க."

அவளுக்கு இந்த வேலை புரியாது.

கோபம் எல்லாம் கிடையாது, சார், எனக்கு அவர்மேல். என் மகள் கல்யாணத்தில் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை என்று அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மேடையில் இடம் இல்லை. உண்மையாகவே இடம் இல்லை.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். துரு. செயினுக்கு லேசாகத் துரு காட்டினால் அழகாக இருக்கும் என்று செங்காவிச் சாக்பீஸைப் பொடித்து ஒரு டாங்கிக்குப் பூசியிருந்தேன். மாமா அதைக் கையில் வாங்கினார். வேட்டி நுனியை நாக்கில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். இடது பக்கம், பின் சக்கரம். அதை மட்டும். "ஓடற வண்டியில ஏதுடா துரு" என்றார். சரியான பேச்சுதான், ஓடுகிற செயினில் துரு நிற்காது. ஆனால் வலது பக்கமும் அதே துரு இருந்தது. அதை அவர் தொடவில்லை. நான் அதைக் கவனித்தேன். சர்வேயர் இல்லையா, கவனிப்பேன். கவனித்து, வயசானவர், கண் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த தெவசத்துக்கும் மாமா வந்தார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். முதல் இலையில் உட்கார்ந்தார். தமயந்தி சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் கை வைக்கவில்லை. எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சாப்பிடுங்க மாமா" என்றேன்.

"கேளுடா."

"இன்னா கேக்கறது?"

"தங்கச்சி கேக்குமே. நீ கேளு."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே மாமா. சோறு ஆறுது பாருங்க."

அவர் இலையை மடிக்காமல் எழுந்து போய்விட்டார். ஒரு பருக்கை தொடவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது, ஒரு மாதம் முன்னால், திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கேஸ். தண்ணி லாரி. வீடு கட்டுகிற இடத்தில் கிளீனர் செத்துப்போனான். லாரியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நான் போனபோது டிரைவர் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு டயரைக் கழுவிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் ஒருவர், "டேய், தொடாதேன்னு சொன்னேன்ல, எழுந்திருடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் காதில் விழவே இல்லை. தேய்த்துக்கொண்டே இருந்தான். பத்து டயர் அந்த லாரிக்கு. ஒரு டயரைத்தான் கழுவினான். இடது பக்கம், பின் டயர்.

"அவன் எங்க நின்னான்?" என்று கேட்டேன்.

"முன்னாடிதான் சார் நின்னான். முன்னாடி. கல்லு ஒண்ணு உருண்டு வந்து..."

எந்த டிரைவரும் முதலில் அதைத்தான் சொல்வான், சார். முன்னாடி நின்றான். எனக்குக் கோபமே வராது, கேட்டுப் பழக்கம். காத்திருந்தால் போதும். நான் காத்திருந்தேன். அவன் அந்த டயர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என் தங்கச்சி வூட்டுக்காரன் சார். வா வான்னு அவன்தான் சொன்னான். அவளுக்கு இன்னான்னு சார் சொல்றது?"

என் கையில் பேனா இருந்தது. எழுத வரவில்லை. அத்தனை வருஷமாக நான் அப்பாவை வண்டிக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்திருந்தேன், சார். முள்கம்பி முன்னால் கிடந்தால் வண்டி எங்கே போகும்? பின்னால்தான் போகும். டாங்கி டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. யாராவது இறங்கிப் பின்னால் நின்று வழி சொல்ல வேண்டும். யார் இறங்கினார் என்று கதையிலேயே இருக்கிறது. எங்கிருந்தோ வந்த குண்டெல்லாம் பிறகு சேர்த்தது, முதலில் ஒரு வார்த்தையைத்தான் மாமா மாற்றியிருக்கிறார். முன்னால்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் போல. ஒரு ரயில் பயணத்தில் உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இத்தனை வருஷம்.

அதனால்தான் இன்று காலையில் குடியாத்தம் போனேன். புதிதாக இதைச் செய்துகொண்டு போனேன். சக்கரமெல்லாம் முடித்துவிட்டேன். செயினையும் பெயின்ட் அடித்து, பென்சில் தூள் தேய்த்து, ஒட்டாமல் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். தமயந்தி வேண்டாம் என்றாள். "கேட்டு இன்னா பண்ணப் போறீங்க? எழுதிக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். தெரிந்தால் போதும் என்றேன்.

மாமா பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சின்னதாகிவிட்டார், சார். மருமகள் டீ கொடுத்துவிட்டு, "ஒழுங்காவே துன்றது இல்லண்ணா, தெவசத்துலேர்ந்து இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். நான் டாங்கியைப் பாயில் வைத்தேன்.

"ஏண்டா தணிகா, செயின் போடல?"

"நீங்க போடுங்க மாமா. அன்னிக்கு எப்படி நின்னுதோ அப்படிப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். கை தடுமாறவில்லை. பின் பல்சக்கரத்தில் மாட்டி, கீழே கொடுத்து, முன்னால் சுற்றி மேலே கொண்டுவந்து, கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தார். மேல்பக்கம் ஒரு தொய்வு இல்லை.

நான் ஒரு கேள்வி தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பிரேக்கா, ரிவர்ஸா? அவ்வளவுதான். ரயிலில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளங்கையை டாங்கியின் மேல் வைத்தார். பாயின் மேல் மெதுவாகப் பின்னால் இழுத்தார். ஒரு சாண் இருக்கும். நிறுத்தினார். கையை எடுக்கவில்லை.

"பின்னால எனக்குத் தெரியாதுடா" என்றார்.

அவ்வளவுதான். தெரிந்துவிட்டது. தெரிந்தால் போதும் என்றுதானே போனேன்? எழுந்து வந்திருக்க வேண்டும். இல்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அப்பாவை நினைத்து அழுவேன் என்று எதிர்பார்த்தேன், சார். அப்பா முகமே வரவில்லை. எனக்கு அந்த முகம் தெரியாது. அம்மா முகம்தான் வந்தது. இலைக்கு எதிரே நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த முகம். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மாமாவின் கை இன்னும் டாங்கி மேலேயே இருந்தது. நான் கேட்டுவிட்டேன்.

"மாமா, அம்மாவுக்கு இது தெரியுமா?"